டர்போ வண்டியும் அப்பாவின் இரண்டு நிமிஷமும்



சூப்பர் கார் என்றதும் நம் ஹாஸ்டல் சுவரில் ஒட்டியிருக்கும் ஃபெராரியும் போர்ஷேயும்தான் உங்களுக்கு ஞாபகம் வரும். ஆமத்தூர்க்காரனுக்கு அதெல்லாம் படத்தோடு சரி! எங்கள் ஊர்ப் பட்டறை அண்ணாச்சி கோயம்புத்தூரில் விலை பேசி வாங்கி வந்த பழைய டாடா சியரா டர்போதான் எங்கள் ஊரின் சூப்பர் கார். லைசென்ஸ் வாங்கி மூன்று மாதமே ஆன எனக்கு அதை ஓட்டிப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது.

வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். சியரா 1991-ல் வந்தது. ஏறி இறங்க இரண்டே கதவு. பின்சீட்டுக்குப் பக்கத்தில் கூரை வரை வளைந்து ஏறும் பெரிய கண்ணாடி. அதை இறக்க முடியாது. 1948 சிசி டீசல் என்ஜினுக்கு ஆரம்பத்தில் 63 குதிரைத்திறன். 1997-ல் டர்போ பொருத்தினார்கள். திறன் கிட்டத்தட்ட 90 ஆனது. சிலிண்டர் பெரிதாகவில்லை. பிறகு பலம் எங்கிருந்து வந்தது?

புகையிலிருந்துதான்! வீணாக வெளியே போகும் புகை ஒரு சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளுகிறது. காற்று அதிகமானால் அதிக டீசலை எரிக்கலாம். சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூக்கி என்ற என்ஜினியர் 1905-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்.

இதே டர்போதான் 1975-ல் விற்பனைக்கு வந்த போர்ஷே 911 டர்போவைப் பெரும்புகழ் பெற வைத்தது. 3 லிட்டர் என்ஜின், 260 குதிரைத்திறன். மிதித்தவுடன் ஒன்றும் நடக்காதாம். பிறகு திடீரென்று மொத்த பலமும் வந்து சேருமாம். என்ஜின் பின்னால் இருப்பதால், வளைவில் பயந்துபோய்க் காலை எடுத்தால் வால்பக்கம் சுழன்றுவிடும். 'விதவையாக்கும் கார்' என்றே அதற்குப் பட்டப்பெயர்! அந்த காருக்கு டர்போ கொடுத்தது ஜெர்மனியின் கேகேகே கம்பெனி. அதே கம்பெனியின் தொழில்நுட்பக் கூட்டில்தான் நம் தமிழ்நாட்டின் டர்போ எனர்ஜி நிறுவனமும் டர்போ செய்தது. போர்ஷே நமக்கு அவ்வளவு தூரத்துச் சொந்தம் இல்லை நண்பர்களே!

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அண்ணாச்சி சாவியைக் கொடுத்து, "சிவகாசி வரைக்கும் போயிட்டு வா தம்பி. அப்பாவைக் கூட்டிட்டுப் போ" என்றார். அப்பா இருபத்தைந்து வருஷமாக லாரி டிரைவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. அம்மா பட்டாசு ஆபீசுக்குப் போகிறார். எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசல் மிதித்த முதல் ஆள் நான்தான். டிப்ளமோ முடிந்ததும் என்ன என்பதுதான் கொஞ்ச நாளாக வீட்டில் பேச்சு. சொந்தக்காரர்கள், "படிச்சது போதும், வேலைக்கு அனுப்பு" என்கிறார்கள். எனக்கு நேரடி இரண்டாம் ஆண்டு பி.இ. சேர ஆசை. அப்பா மட்டும் இதுவரை வாயே திறக்கவில்லை.

கிளட்ச் கல்லு மாதிரி. ஸ்டியரிங் உயரத்தில் உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் கரிசல் காடு விரிந்து தெரிகிறது. ஊர் தாண்டி, மூன்றாவது கியரில் மிதித்தேன். சத்தம் மட்டும் கூடியது. ஒன்று, இரண்டு எண்ணுவதற்குள் முன்னாலிருந்து ஒரு மெல்லிய விசில். அடுத்த நொடி, யாரோ பின்னாலிருந்து தள்ளியது போல வண்டி பாய்ந்தது! இன்றைய கார்களுக்கு முன்னால் இது பெரிய வேகமில்லை. ஆனால் அந்த விசிலும் தள்ளலும் இருக்கிறதே, அதைப் புத்தகத்தில் படித்து உணர முடியாது.

"லோடு லாரியிலயும் இப்படித்தான். மிதிச்சா கொஞ்சம் யோசிச்சுட்டுத்தான் இழுக்கும். அது ஏன்டா?" என்றார் அப்பா.

அவர் என்னிடம் பாடம் சம்பந்தமாகக் கேட்ட முதல் கேள்வி அது. "பட்டாசுக்குத் திரி பத்த வச்சதும் வெடிக்குதாப்பா? திரி எரியணும்ல. அதே மாதிரி புகை சேர்ந்து சக்கரம் வேகம் எடுக்கணும். அதுவரைக்கும் காத்திருக்கணும்" என்றேன். சிரித்தார்.

திருத்தங்கல் தாண்டி டீக்கடையில் ஓரங்கட்டினேன். "உடனே ஆஃப் பண்ணாத. ரெண்டு நிமிஷம் சும்மா ஓடட்டும்" என்றார்.

"ஏன்ப்பா?"

"எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் சொன்னது. ஏன்னு அவரும் சொல்லல."

நான் சொன்னேன். டர்போவின் தண்டு நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் போகும். அதற்கு ஆயில் அனுப்புவது என்ஜின். வேகமாக வந்து சட்டென்று நிறுத்தினால் ஆயில் நின்றுவிடும், தண்டு நிற்காது. புகைப் பக்கத்துச் சூட்டில் மிச்ச ஆயில் கருகிக் கரியாகும். பேரிங் போய்விடும்.

அப்பா டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். "இத்தனை வருஷமா செய்யறேன். இன்னிக்குத்தான் காரணம் தெரியுது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னும் மூணு வருஷம் படிச்சா என்ன தெரியும்?" என்று கேட்டார்.

"இதை எப்படிச் செய்யறதுன்னு தெரியும்பா."

"அப்ப எழுதிப் போடு. பணத்தைப் பார்த்துக்கலாம்."

சியராவின் பெயரில் 2025 நவம்பரில் புது வண்டியே வந்துவிட்டது. அதையும் ஒருநாள் ஓட்டிப் பார்ப்போம். ஆனால் நண்பர்களே, காரணம் தெரியாமலேயே சரியாக வேலை செய்கிறவர்கள் நம் எல்லோர் வீட்டிலும் இருக்கிறார்கள். நம் நோட்டில் காரணம் இருக்கிறது. அவர்கள் கையில் வேலை இருக்கிறது. இந்த லீவில் ஊருக்குப் போனால், அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு நிமிஷம் பேசிப் பாருங்கள்!

– மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை