வெப்பத்திற்கு வழி விடுங்கள்

சித்திரை பிறந்து அக்கினி நட்சத்திரமும் தொடங்கிவிட்டால், சென்னை மாநகரில் நண்பகலில் காரின் கதவைத் திறப்பதும் உலைப்பானையின் மூடியைத் திறப்பதும் ஏறக்குறைய ஒன்றே. 2003-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள் இந்நகரில் வெப்பநிலை 45 டிகிரி செல்சியஸைத் தொட்டது. அத்தகைய நாள்கள் அரியவையே. எனினும், கடற்காற்று கரையேறத் தாமதிக்கும் ஒவ்வொரு மே மாதப் பகலிலும் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு மக்கள் படும் பாடு அனைவரும் அறிந்ததே. இந்நாள்களில்தான், "ஃபாதர், கார் ஏ.சி. சரியாகக் குளிர்வதில்லையே, என்ன செய்யலாம்?" என்று நம்மிடம் கேட்பவர்கள் பெருகுகிறார்கள். இல்லங்களைச் சந்திக்கவும் நோயாளரைக் காணவும் பல்லாண்டுகளாகக் கார் ஓட்டி வருவதால், நமக்குச் சிறிது தெரிந்திருக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை போலும்.

காரில் குளிர்சாதனம் ஆடம்பரம் என்று கருதும் பெரியவர்கள் இன்றும் உளர். டயாலிசிஸ் சிகிச்சை முடிந்து, தளர்ந்த உடலோடு வீடு திரும்பும் மூதாட்டி ஒருவரைப் பின்இருக்கையில் அமர்த்திக்கொண்டு, மே மாத நண்பகலில் பனகல் பூங்கா அருகே சிக்னலுக்காகக் காத்து நின்றவர் எவரும் அவ்வாறு சொல்லமாட்டார். 2025 அக்டோபர் 1 முதல் தயாரிக்கப்படும் நடுத்தர, கனரக லாரிகளின் ஓட்டுநர் அறையில் குளிர்சாதனம் கட்டாயம் என மத்திய அரசு விதித்திருப்பதும் இதனாலன்றோ!

முன்னாளில் குளிர்ச்சிக்காகச் சென்னை நெடுந்தொலைவுக்குக் கை நீட்டியதுண்டு. கடற்கரைச் சாலையில் இன்று விவேகானந்தர் இல்லம் என வழங்கும் பழைய ஐஸ் ஹவுஸ், 1842-இல் கட்டப்பட்டது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரையொட்டிய ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை வெட்டி, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் கொண்டுவந்து அங்கே சேமித்தார்கள். காருக்குள் குளிர்சாதனம் நுழைந்ததோ ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்து. 1940-ஆம் ஆண்டு மாடல் கார்களில் அமெரிக்காவின் பேக்கர்டு நிறுவனம் அதனைப் பொருத்தித் தந்தது. அதை நிறுத்த வேண்டுமாயின் எஞ்சினை அணைத்து, இறங்கி, பெல்ட்டைக் கழற்ற வேண்டியிருந்ததாம்! நாம் சிறுவராயிருந்த காலத்தில் சென்னைத் தெருக்களில் ஓடிய அம்பாசிடருக்கும் பியட்டுக்கும், முன்கதவில் இருந்த சிறு முக்கோணக் கண்ணாடியே குளிர்சாதனம்.

பனிக்கட்டிக் கப்பல் குளிர்ச்சியைச் சுமந்து வந்தது. காரின் ஏ.சி. அவ்வாறு சுமந்து வருவதில்லை, குளிர்ச்சியைப் படைப்பதுமில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுவது ஒன்றே அதன் வேலை. மண்பானையில் கசியும் நீர் ஆவியாகும்போது பானை நீரின் வெப்பத்தையும் கவர்ந்து செல்கிறதல்லவா? அதுபோலவே டேஷ்போர்டுக்குள் இருக்கும் குழாய்களில் திரவம் ஆவியாகி, உள்ளிருக்கும் காற்றின் வெப்பத்தைக் கவர்கிறது. அந்த ஆவியைக் கம்ப்ரசர் அழுத்தி, காரின் முகப்பில், ரேடியேட்டருக்கு முன்னே நிற்கும் கண்டென்சருக்கு அனுப்புகிறது. அங்கே வீசும் காற்றில் அது வெப்பத்தை உதிர்த்துவிட்டு, மீண்டும் திரவமாகித் திரும்புகிறது. இதனை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை தாமே விளங்கும். வெப்பம் வெளியேறும் வழி எங்கே அடைபட்டிருக்கிறது என்று தேடுவதே ஏ.சி. பராமரிப்பின் சாரம்.

வெயிலில் நின்ற காரில் ஏறியவுடன் கண்ணாடிகளை மூடிக்கொண்டு ஏ.சி.யை முழு வேகத்தில் வைப்பது பலரது வழக்கம். வெளியே 35 டிகிரி இருக்கும்போது, மூடிய காருக்குள் ஒரு மணி நேரத்தில் 50 டிகிரிக்கு மேலும் ஏறக்கூடும். அந்த அனல் முழுவதையும் இயந்திரமே ஏன் சுமக்க வேண்டும்? கதவுகளைத் திறந்து, கண்ணாடிகளை இறக்கி, ஓரிரு நிமிடம் காரை ஓட்டினால் பெரும்பகுதி தானே வெளியேறிவிடும். பிறகு கண்ணாடிகளை ஏற்றி, உட்காற்றே சுழலும் நிலையில் வைத்தால் விரைவில் குளிரும். நிறுத்தும்போது முன்கண்ணாடிக்கு உட்புறம் ஒரு மறைப்புத் தட்டியை வைப்பதும் நன்று. ஆனால், நெடும்பயணத்தில் உட்காற்றை மட்டுமே சுழலவிட்டால், நால்வர் விடும் மூச்சில் கரியமில வாயு மிகுந்து, ஓட்டுபவருக்கு உறக்கம் வரும். ஆதலின் அவ்வப்போது வெளிக்காற்றையும் உள்ளே விடுதல் வேண்டும்.

அடுத்து, காரின் முகப்பு. சாந்தோம், பட்டினப்பாக்கம், பெசன்ட் நகர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்று, கண்டென்சரின் மெல்லிய அலுமினியத் தகடுகளை மெல்ல அரித்துவிடும். மெட்ரோ இரயில் பணிகள் நடந்த ஆண்டுகளில் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் எழுந்த புழுதி எத்தனை கார்களின் முகப்பை அடைத்ததோ! எஞ்சின் ஆறியபின், தோட்டக் குழாயின் மென்மையான நீரால் அதனைக் கழுவலாம். வேகமாய்ப் பீய்ச்சும் நீர் ஆகாது, தகடுகள் மடங்கிவிடும். கார் ஓடும்போது நன்கு குளிர்ந்து, லஸ் முனையில் நின்றவுடன் வெப்பக்காற்று வருமாயின், முதலில் கண்டென்சரையும் அதன் விசிறியையும் பார்க்கச் சொல்லுங்கள். நிற்கும் காருக்கு எதிர்க்காற்று இல்லை. அப்போது விசிறி ஒன்றே துணை.

கியாஸைப் பற்றி நமது அனுபவம் ஒன்றைச் சொல்லலாம். நமது பங்கின் கார் ஒரு கோடையில் குளிர மறுத்தது. ஒரு பணிமனையில், கியாஸ் குறைந்துவிட்டது என்று நிரப்பி அனுப்பினார்கள். மூன்றே வாரத்தில் பழைய நிலை, பழைய பதில், பழைய கட்டணம். பின்னர் மயிலாப்பூரின் சிறு தெருவொன்றில் பட்டறை வைத்திருக்கும் முதியவர் ஒருவரிடம் காரைக் கொண்டு சென்றோம். அவர் சிரித்துக்கொண்டே, "கியாஸ் என்ன பெட்ரோலா ஃபாதர், ஓட ஓடத் தீர்வதற்கு? போன வழியைப் பார்க்காமல் ஊற்றினால், ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடித்த கதைதான்" என்றார். நைட்ரஜனை அழுத்தத்தில் செலுத்தி, இணைப்புகளிலெல்லாம் சோப்பு நுரை தடவிப் பார்த்தார். கண்டென்சரின் அடிமுனையில், உப்பு அரித்த ஊசித்துளை ஒன்றில் நுரை பொங்கியது. புதிய கண்டென்சர் பொருத்தி, குழாய்களில் இருந்த காற்றையும் ஈரத்தையும் பம்பினால் அரைமணி நேரம் உறிஞ்சி எடுத்து, கியாஸை எடைபோட்டு நிரப்பித் தந்தார். அதன்பின் அந்தக் கார் மூன்று கோடைகளைக் குறையின்றிக் கடந்துவிட்டது.

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. ரப்பர்க் குழாய்களின் வழியே பல ஆண்டுகளில் சிறிதளவு கியாஸ் குறைவது இயல்பே. ஆனால், ஒரே கோடையில் தீர்ந்துபோனால் எங்கோ கசிவு உண்டு. எவ்வளவு கிராம் நிரப்ப வேண்டும் என்பது பெரும்பாலான கார்களில் பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் சீட்டிலேயே குறிக்கப்பட்டிருக்கும். மிகையாக நிரப்பினாலும் குளிர்ச்சி குறையும், கம்ப்ரசருக்கும் கேடு. ஆகவே பணிமனையில், "கசிவு எங்கே? எத்தனை கிராம்?" என்னும் இரண்டு கேள்விகளையும் தயங்காமல் கேளுங்கள்.

உள்ளே இருக்கும் காற்று ஃபில்டர், பல கார்களில் கிளவ் பாக்ஸுக்குப் பின்னே இருக்கும். கோடைக்கு முன் அதனைக் கழற்றிப் பாருங்கள். தூசி படிந்து கறுத்திருந்தால் மாற்றிவிடுவதே மேல். காற்று குறைவாக வருவதற்கும் முடைநாற்றம் வீசுவதற்கும் பெரும்பாலும் அதுவே காரணம். காருக்கு அடியில் நீர் சொட்டினால் அஞ்ச வேண்டாம்; நமது கடலோரக் காற்றின் ஈரமே அது. அந்நீர் உள்ளே கால்மாட்டில் வழிந்தால்தான் வடிகுழாய் அடைத்திருக்கிறது என்று பொருள். மார்கழியிலும் வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஏ.சி.யை ஓடவிடுங்கள். கம்ப்ரசரின் எண்ணெய் எங்கும் பரவி, கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்கள் காயாமல் காக்கும்.

கசிந்த கியாஸ் எங்கே போகிறது என்பதையும் நாம் எண்ணிப்பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம். முற்காலக் கார்களில் இருந்த ஆர்-12 போன்ற வாயுக்கள் வானின் ஓசோன் படலத்தைச் சிதைக்கும் என்று 1974-இல் மொலினா, ரோலண்ட் என்னும் அறிஞர்கள் எச்சரித்தனர். 1987-இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை பிறந்தது. அவ்வாயுக்கள் படிப்படியாக விலக்கப்பட்டன. அவற்றின் இடத்திற்கு வந்த ஆர்-134ஏ ஓசோனைக் கெடுப்பதில்லை. ஆயினும், எடைக்கு எடை, கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 1,400 மடங்கு பூமியைச் சூடாக்க வல்லது. இத்தகைய வாயுக்களைக் குறைப்பதற்கான 2016-ஆம் ஆண்டின் கிகாலித் திருத்தத்தை இந்தியா 2021-இல் ஏற்றுக்கொண்டது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2015-இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' மடலில், பெருகிவரும் குளிர்சாதனப் பயன்பாட்டைக் கேடு விளைக்கும் நுகர்வுப் பழக்கத்திற்கு ஓர் எடுத்துக்காட்டாகவே குறிப்பிட்டார். குளிர்சாதனத்தை அறவே விலக்க நம்மால் இயலாதிருக்கலாம். ஓட்டையை அடைக்காமல் கியாஸை ஊற்றிக்கொண்டே இருப்பதை விலக்க இயலும் அன்றோ?

நமது கார் வெளியே கொட்டும் வெப்பம் வானத்திற்கு மட்டும் போவதில்லை. பக்கத்தில் நிற்கும் ஆட்டோ ஓட்டுநரின் மீதும், நடைபாதையில் பூ விற்கும் அம்மையாரின் மீதும் விழுகிறது. திருமண மண்டபங்களின் வாயிலில் எஞ்சினையும் ஏ.சி.யையும் ஓடவிட்டு மணிக்கணக்கில் காரை நிறுத்துவது அவர்களை வாட்டுவதாகும். அதற்காக, நமக்குக் கார் ஓட்டுபவரை அனல் காருக்குள் காத்திருக்க விடுவதும் முறையன்று. அவருக்கு நிழலில் ஓர் இருக்கையும் பந்தியில் ஓர் இலையும் கொடுங்கள்.

இவை யாவற்றினும் முதன்மையான ஒன்று உண்டு. "ஐந்தே நிமிடம், இதோ வந்துவிடுகிறேன்" என்று குழந்தையையோ முதியவரையோ காருக்குள் விட்டுச் செல்லாதீர்கள். மூடிய காரில் ஏறும் வெப்பத்தின் பெரும்பகுதி முதல் அரைமணி நேரத்திலேயே ஏறிவிடும். கண்ணாடியைச் சிறிது இறக்கிவைப்பதால் பெரிய பயனில்லை. குழந்தையின் உடலோ பெரியவர் உடலைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு விரைவாகச் சூடேறும். வீட்டில் நிற்கும் காரையும் பூட்டியே வையுங்கள். விளையாட்டாக உள்ளே நுழையும் சிறாருக்கு வெளியேறத் தெரியாமல் போகலாம். எஞ்சினை ஓடவிட்டு, ஏ.சி. போட்டுக்கொண்டு காருக்குள் உறங்குவதும் ஆபத்து. புகைக்குழாயிலிருந்து கார்பன் மோனாக்சைடு மணமின்றி உட்புகுந்து உயிரைக் குடித்துவிடும்.

காரைப் பூட்டுமுன் ஒருமுறை திரும்பிப் பின்இருக்கையைப் பாருங்கள். குளிர்சாதனம் எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும், எஞ்சின் நின்றவுடன் அதுவும் நின்றுவிடும், வெயில் நிற்பதில்லை.