மேலிருந்து தெரியும் கூரைகள்

ரீயூனியனுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் எரிகிற மலையைப் பார்க்கத்தான் வருகிறார்கள். தீவின் தென்கிழக்கில் இருக்கும் பித்தோன் த லா ஃபூர்னேஸ், உலகில் அடிக்கடி வெடிக்கும் எரிமலைகளில் ஒன்று. 2007 ஏப்ரல் வெடிப்பின்போது அதன் உச்சிவாயின் தரை முந்நூறு மீட்டருக்கும் மேல் உள்ளே இறங்கிவிட்டது. எனக்கு ஆசை அதற்கு மூத்த மலையின் மேல். 3,070 மீட்டர் உயரத்தில் நிற்கும் பித்தோன் தே நேஜ் இந்தியப் பெருங்கடலிலேயே உயரமான சிகரம். அது ஓய்ந்து ஏறத்தாழ பன்னிரண்டாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. நெருப்பு அடங்கிய மலையை இப்போது மழை தின்றுகொண்டிருக்கிறது. தின்றது போக மிஞ்சிய விளிம்புகளில் ஒன்றின் மேல்தான் கிரான் பேனார் என்ற சிகரத்துக்கு ஏறும் பாதை போகிறது.

இந்தத் தீவின் மழை எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் அந்த விளிம்பு புரியும். 1966 ஜனவரியில் தெனிஸ் புயல் கடந்தபோது ஃபோக்-ஃபோக் என்ற மலைப்பகுதியில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் மழை பதிவானது. சென்னைக்கு ஒரு முழு வருடத்தில் கிடைப்பது சராசரியாக 1,400 மில்லிமீட்டர்தான். 2007 பிப்ரவரியில் கமேத் புயல் வந்தபோது கொமெர்சோன் எரிவாய் அருகே மூன்று நாட்களில் 3,930 மில்லிமீட்டர் கொட்டியது. இரண்டுமே உலக சாதனைகள். இப்படிப்பட்ட மழையும், மலை தானாகவே சரிந்த பெரும் சரிவுகளும் சேர்ந்து பித்தோன் தே நேஜைச் சுற்றி மூன்று மாபெரும் பள்ளங்களைத் தோண்டியிருக்கின்றன: மஃபாத், சிலாவோஸ், சலாஸி. ஒவ்வொன்றின் சுவரும் ஆயிரம் மீட்டர் அளவுக்குச் செங்குத்தாக இறங்குகிறது. மஃபாத்திலிருந்து கலே ஆறு உருட்டிக்கொண்டு போன கற்கள் கடலோரத்தில் விசிறிபோல் படிந்தன. தீவின் துறைமுக நகரமான லெ போர் அந்தக் கற்களின் மேல்தான் நிற்கிறது.

நான் போனது ஜூலையில். அங்கே அது குளிர்காலம், வறண்ட காலமும்கூட. கடற்கரையில் உள்ள சேன் போலிலிருந்து மலைச்சாலை கரும்புத் தோட்டங்களைக் கடந்து ஏறுகிறது. பெத்தித் பிரான்ஸ் என்ற ஊரில் ஜெரேனியம் இலையிலிருந்து வாசனை எண்ணெய் வடிக்கிறார்கள். நான் தங்கியிருந்த வீட்டின் திரைச்சீலையில்கூட அந்த வாசம் இருந்தது. அதற்கு மேலே நெட்டையான கிரிப்டோமேரியா மரங்கள், கடைசியில் 2,200 மீட்டரில் மாயிதோ காட்சிமுனை. எல்லாரும் விடிவதற்கு முன்பே ஏறிவிடுகிறார்கள். வெயில் ஏற ஏறக் கடற்பக்கத்திலிருந்து மேகம் எழுந்து, காலை பத்து மணிக்குள் பள்ளத்தை மூடிவிடும் என்பதுதான் காரணம். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கம்பித் தடுப்பின் ஓரம் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். மிச்சம் உள்ளவர்களுக்குத்தான் இந்தப் பாதை: உச்சி வரை ஒரு வழிக்கு எட்டுக் கிலோமீட்டர் போல, எழுநூறு மீட்டர் ஏற்றம்.

ஏற்றம் என்று பயப்பட வேண்டியதில்லை. பழைய எரிமலையின் வெளிப்புறச் சரிவு மெதுவாகச் சாய்ந்து கடல்வரை போகிறது. அந்தச் சாய்வின் மேலோரத்தில் நடக்கிறோம். வலப்பக்கம் முழு மலை எப்படி இருந்திருக்கும் என்பது தெரிகிறது. இடப்பக்கம் அந்த மலையே இல்லை. ஒரு கால் இருக்கிற மலையிலும் மறு கால் இல்லாத மலையின் ஓரத்திலும் வைத்து நடப்பதுதான் இந்தப் பாதையின் தனித்தன்மை. எதிர்ச்சுவரில் எரிமலைக் குழம்பு ஒன்றன்மேல் ஒன்றாக உறைந்த அடுக்குகள் கோடு கோடாகத் தெரியும். அவற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு செங்குத்தான கருங்கல் நரம்புகள் ஓடும். அடியிலிருந்து மேலே வரக் குழம்பு பிளந்துகொண்ட வழிகள் அவை.

அந்தக் குழம்பின் ஊற்று நமக்கும் அந்நியமில்லை. ஏறத்தாழ ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் மகாராஷ்டிரத்தின் தக்காணக் கரும்பாறைகளைக் கொட்டியதும் பூமியின் ஆழத்தில் இருக்கும் இதே வெப்ப ஊற்றுதான் என்று புவியியலாளர்கள் சொல்கிறார்கள். இந்தியத் தட்டு வடக்கே நகர்ந்துகொண்டே போக, ஊற்று வழியெல்லாம் மலைகளை எழுப்பிக்கொண்டே வந்திருக்கிறது. லட்சத்தீவும் மாலத்தீவும் உட்கார்ந்திருக்கும் கடலடி மேடு அந்தத் தடம். மொரீஷியஸ் பிந்தியது, ரீயூனியன் கடைசி. மகாபலேஷ்வரில் நான் கைவைத்துப் பார்த்த அதே கறுப்பு நிறக் கல்லை இங்கே தொட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

முதல் ஒரு மணி நேரம் தாமரின் மரங்களுக்கிடையே போகிறது பாதை. இது புளியமரம் அல்ல. இந்தத் தீவில் மட்டுமே இயற்கையாக வளரும் ஒரு வேல இனம். புயல் அடித்து அடித்து ஒவ்வொரு மரமும் கோணிப்போய் நிற்கிறது. இதன் மிக நெருங்கிய உறவு பதினெட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி ஹவாய் தீவுகளில் வளரும் கோவா மரம் என்று 2014இல் மரபணு ஆய்வு காட்டியது. கடற்பறவை ஏதோ ஒன்று விதையைக் கொண்டுவந்திருக்கலாம் என்கிறார்கள். பல இடங்களில் கரிந்த அடிமரங்கள் நிற்கின்றன. 2010லும் 2011லும் மாயிதோ சரிவில் பெருந்தீ பிடித்தது. இரண்டாவது தீயில் மட்டும் இரண்டாயிரம் ஹெக்டேருக்கு மேல் அழிந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் யுனெஸ்கோ இந்த மலைகளை உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவித்திருந்தது. கருகிய இடத்தில் ஐரோப்பாவிலிருந்து வந்த மஞ்சள் பூ முள்செடி முந்திக்கொள்கிறது என்பது கண்ணுக்கே தெரிகிறது. பார்க்க அழகுதான், ஆனால் அந்த மஞ்சளை என்னால் ரசிக்க முடியவில்லை.

அதற்கு மேல் மரமில்லை. இடுப்பளவுப் புதர்தான், பிரான்ல் என்கிறார்கள். ஊசி போன்ற சின்ன இலைகள். ஒவ்வொரு ஊசியின் நுனியிலும் உறைபனி. விரலால் தட்டினால் உப்புத்தூள் மாதிரி கொட்டியது. தரையில் தட்டையான பாறைப் பாளங்கள், உறைந்த குழம்பின் சுருக்கங்கள் அப்படியே இருக்கின்றன. குமிழி வெடித்த துளைகளில் தேங்கிய நீர் கண்ணாடிச் சில்லாக மாறியிருந்தது. பாறையில் அடித்த வெள்ளைப் பூச்சுக் குறிகளைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். ஒரு சின்னப் பறவை கூடவே வந்தது. கறுப்புத் தலை, கழுத்தில் வெள்ளை, மார்பில் செம்மை. தெக்-தெக் என்று பெயர், கத்துவதும் அப்படியே. மனிதக் காலடியில் கிளம்பும் பூச்சிகளுக்காக அது நடப்பவர்களைத் தொடர்கிறது. நான் நின்றால் அதுவும் ஒரு புதர் நுனியில் நின்று வாலை ஆட்டும்.

பாதிவழியில் கிளாசியேர் என்ற இடம் வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில், குளிர்காலத்தில் இங்கே உறையும் பனிக்கட்டியைச் சேர்த்து வைத்து, கடற்கரையில் இருந்த பணக்கார வீடுகளுக்கு ஆட்களின் தலையில் ஏற்றி அனுப்பினார்கள். இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் இறக்கம், தலையில் உருகும் சுமை. கீழே யாரோ குளிர்ச்சியாக ஏதோ குடிப்பதற்கு. நான் அந்த இடத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். யார் இந்த மலைக்கு எதற்காக வந்தார்கள் என்ற கேள்வி அங்கே எனக்குள் ஏறியதுதான், அதற்குப் பிறகு இறங்கவில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டில் கடற்கரைக் காப்பித் தோட்டங்களிலிருந்து தப்பிய அடிமைகள் இந்தப் பள்ளங்களுக்குள்தான் ஓடினார்கள். மடகாஸ்கரிலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் கொண்டுவரப்பட்டவர்கள். மஃபாத் என்பதே அப்படித் தப்பிய ஒரு தலைவனின் பெயர். அவர்களைத் தேடிப் பிடிக்கவும் கொல்லவும் கூலிக்கு வேட்டைப் படைகள் இருந்தன. பிரான்சுவா முஸார் என்பவன் அந்த வேட்டையில் பேர்பெற்றவன். விளிம்பில் நடந்துகொண்டே கீழே எங்காவது புகை தெரிகிறதா என்று பார்ப்பது எவ்வளவு சுலபம் என்று எனக்கு நடக்கும்போது புரிந்தது. ஆயிரம் மீட்டருக்குக் கீழே ரோஷ் பிளாத் கிராமத்தின் தகரக் கூரைகளை என்னால் எண்ண முடிந்தது. காட்சிமுனையில் நின்று நாம் அழகு என்று வியக்கும் அந்தப் பார்வை, ஒரு காலத்தில் வேட்டைக்காரன் பார்வையாக இருந்திருக்கிறது. அழகு குறைந்துவிடவில்லை. ஆனால் அதைத் தெரிந்துகொண்டு பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஒரு திருப்பத்தில் பெரியவர் ஒருவர் பாறையில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவரே ஆரம்பித்தார்.

“காரைக்காலா, புதுச்சேரியா?”

“புதுச்சேரி, முசியே.”

“எங்க அப்பா வழி காரைக்கால் கப்பல்,” என்றார் பிரெஞ்சில். தமிழ் அவர் பாட்டனோடு போய்விட்டது. “அம்மா வழி, அதோ.” கைத்தடியால் பள்ளத்தைக் காட்டினார்.

அந்த இரண்டு வழிகளுக்குள் இந்தத் தீவின் கதையில் பாதி அடங்கிவிடுகிறது. 1848 டிசம்பர் 20ஆம் தேதி இங்கே அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட அடிமைகள் விடுதலையானார்கள். அவர்கள் விட்டுப்போன கரும்புக்காட்டுக்கு ஆள் வேண்டியிருந்தது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறிய தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். 1882இல் ஆங்கிலேய அரசு அந்த ஆள்சேர்ப்பை நிறுத்தும்வரை வந்துகொண்டே இருந்தார்கள். மல்பார் என்று இன்று அழைக்கப்படும் அவர்களுடைய சந்ததி கடற்கரை ஊர்களில் மாரியம்மனுக்குத் தீ மிதிக்கிறது, முருகனுக்குக் காவடி எடுக்கிறது. பள்ளங்களுக்குள் போனவர்கள் வேறு. தப்பிய அடிமைகள் முதலில், பிறகு நிலமில்லாத ஏழை வெள்ளையர்கள். இரண்டு கிளையும் ஒரே மனிதரில் சந்தித்து என் எதிரில் ஆரஞ்சு தின்றுகொண்டிருந்தது.

“மேலே நின்னு பார்க்கிறது சரி,” என்றார், ஒரு சுளையை என்னிடம் நீட்டி. “கீழே இறங்கினீங்களா?”

இல்லை என்றேன்.

“இறங்குங்க. உங்க முழங்காலுக்குப் பிடிக்காது. ஆனா இறங்குங்க.”

கடைசி ஒரு கிலோமீட்டர் வெறும் கல். உச்சி 2,898 மீட்டர். அங்கே போய் நின்றபோது சிலாவோஸ் பள்ளமும் தெரிந்தது. இரண்டுக்கும் நடுவே தைபித் கணவாயின் தாழ்ந்த முதுகு, எதிரே பித்தோன் தே நேஜின் கரிய தலை. காற்று நிற்கவிடவில்லை. இந்தப் பாறைச்சுவர்களில் பரோ பெட்ரல் என்ற கடற்பறவை வளை தோண்டி முட்டையிடுகிறது. உலகில் வேறெங்கும் அது கூடுகட்டுவதில்லை. 1964 வரை அறிவியல் அதற்குப் பெயரே வைத்திருக்கவில்லை. ஆனால் தப்பிய அடிமைகளுக்கு அந்தப் பறவை தெரிந்திருந்தது. சிலாவோஸ் பக்கத்தில் 2,200 மீட்டர் உயரத்தில், எளிதில் போக முடியாத ஓர் ஒடுங்கிய பள்ளத்தாக்கில், கல்லை அடுக்கிக் கட்டிய சின்னஞ்சிறு குடில்களைத் தொல்லியலாளர்கள் 2010களின் தொடக்கத்தில் அகழ்ந்தார்கள். உள்ளே பெட்ரல் எலும்புகள் கிடைத்தன. பனி உறையும் உயரத்தில், புகை தெரியாமல் நெருப்பு மூட்டி, கடற்பறவையைச் சுட்டுத் தின்று யாரோ பிழைத்திருக்கிறார்கள். நூறு பக்க வரலாறு சொல்லாததை அந்த எலும்புகள் எனக்குச் சொல்லின.

திரும்பும் வழியில் மேகம் வந்துவிட்டது. இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே வெள்ளை. ஹெலிகாப்டர்கள் நின்றுபோனது மட்டும் நிம்மதி. காலையெல்லாம் சுற்றுலாப் பயணிகளைச் சுமந்து அவை பள்ளத்துக்குள் வட்டமிட்டபடியே இருந்தன.

பெரியவர் சொன்னபடி மறுநாள் இறங்கினேன். மாயிதோவிலிருந்து ரோஷ் பிளாத்துக்குச் சுவரை ஒட்டியே பாதை. முழங்காலைப் பற்றி அவர் சொன்னது உண்மை. மஃபாத்துக்குள் இன்றுவரை சாலை இல்லை. எழுநூற்றுச் சொச்சம் பேர் சின்னச் சின்ன மேட்டுநிலக் குடியிருப்புகளில் வாழ்கிறார்கள். நிலம் அரசுடையது, இருப்பவர்களுக்குக் குத்தகை உரிமை மட்டும்தான். மின்சாரம் சூரியத் தகட்டிலிருந்து வருகிறது. சிமெண்டு, அரிசி, எரிவாயு உருளை எல்லாம் ஹெலிகாப்டரில். இங்கே இவ்ரின் போஸே என்ற தபால்காரர் 1951 முதல் 1991 வரை கடிதப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர் ஊராக நடந்தார். பேருந்தே போகாத ஊருக்கு நாற்பது வருடம் தவறாமல் கடிதம் போயிருக்கிறது.

நான் சாப்பிட்ட வீட்டில் விறகடுப்பில் கறி வெந்துகொண்டிருந்தது. சோறு, பருப்பு, கீரை, காரமான ருகாய். வீட்டுக்காரம்மாவிடம் கேட்டேன், மேலே விளிம்பில் நடப்பவர்கள் இங்கிருந்து தெரிவார்களா என்று.

“ஆள் தெரியாது. விடியறதுக்கு முன்னால தலைவிளக்கு தெரியும். வரிசையா நகரும். ஞாயித்துக்கிழமைன்னா நிறைய.”

“அதைப் பார்த்து என்ன நினைப்பீங்க?”

அவர் கரண்டியைக் கழுவிக்கொண்டே சொன்னார்: “அரிசி எவ்வளவு போடணும்னு நினைப்பேன். அதுல நாலு பேராவது இறங்கி வருவாங்க, பசியோட.”