முந்நூறு பொற்காசு வைரம்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் மேசையில் ஒரு சுமைகூலிக்காரன் செத்துப்போனான். அவனுக்கு நான் பெயர்கூட வைத்திருக்கவில்லை. குகைக்குள் பெட்டி தூக்க, நாளுக்கு 2 வெள்ளிக்காசு கூலி பேசி, மலையடிவாரத்து ஊரிலிருந்து கூட்டிவந்த ஆள். அதே சுற்றில் எங்கள் குழுவின் வாள்வீரனும் விழுந்தான். குழுவிடம் இருந்தது ஒரே ஒரு வைரம்.

நாங்கள் ஆடுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் எடுத்து, பகடை உருட்டிக் கதையை நகர்த்துவார்கள். டன்ஜன் மாஸ்டர், மீதி உலகத்தையும் அதில் இருக்கும் மற்ற எல்லாரையும் பார்த்துக்கொள்வார். எங்கள் குழுவில் அது நான். 2014-இல் வந்த விதிப்புத்தகத்தில் ‘ரிவிவிஃபை’ என்றொரு மந்திரம் உண்டு. உயிர் போய் 1 நிமிடம் ஆவதற்குள் போட்டால் இறந்தவர் எழுந்துவிடுவார். அதற்கு 300 பொற்காசு பெறுமான வைரம் வேண்டும். மந்திரத்தோடு அந்த வைரமும் போய்விடும். பை நிறையக் காசு இருந்தாலும் உதவாது. வைரம் அந்த நேரத்தில் கையில் இருக்க வேண்டும்.

இந்த விலையை நான் முன்பெல்லாம் கேட்டதில்லை. முதலில் நடத்திய ஆட்டத்தில், கதை தடைபடக் கூடாது என்று எல்லா மந்திரத்தையும் இலவசமாக விட்டேன். முதல் சாவுக்கு மேசையே அமைதியானது. மூன்றாவது சாவுக்கு யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “எழுப்பிடு” என்று ஒருவர் சொல்ல, பகடை அடுத்த கைக்குப் போனது. கருணை என்று நினைத்து நான் செய்தது, சாவை மட்டுமல்ல, உயிரையும் மலிவாக்கிவிட்டது.

இந்த ஆட்டத்தை உருவாக்கிய கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்ன்சனும் பொன்னுக்கு ஆரம்பத்திலேயே பெரிய வேலை கொடுத்திருந்தார்கள். 1974-இல் வந்த முதல் விதிகளில், மீட்டுக்கொண்டு வரும் ஒவ்வொரு பொற்காசும் ஓர் அனுபவப் புள்ளி; புள்ளி சேரச் சேரப் பாத்திரத்தின் நிலை உயரும். அரக்கனைக் கொல்வதைவிட அவனுக்குத் தெரியாமல் புதையலைத் தூக்கி வருவதில்தான் லாபம். அதையும் சுமந்தாக வேண்டும். 1978-இன் கையேட்டில் 10 காசு ஒரு பவுண்டு. 1,000 காசு என்றால் 45 கிலோவுக்கு மேல். சுமைகூலிக்காரர்களுக்கு இந்த ஆட்டத்தில் வேலை இருந்தது இதனால்தான். கொண்டுவந்த பொன்னும் கையில் தங்காது. 1979-இன் விதிப்படி, அடுத்த நிலைக்கு உயரும் பயிற்சிக்கு வாரம் 1,500 பொற்காசைப் போல நிலை எத்தனையோ அத்தனை மடங்கு கட்ட வேண்டும்.

2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு எல்லாவற்றுக்கும் விலைப்பட்டியல் போட்டது. வாளில் ஒரு படி மந்திரம் ஏற்ற 2,000 பொற்காசு, இரண்டு படிக்கு 8,000, மூன்று படிக்கு 18,000. அதே பட்டியலில், சிறு காயம் ஆற்றும் மந்திரக்கோல் 750 காசு. 50 தடவை வேலை செய்யும். தடவைக்கு 15 காசு. காயம் ஆறுவது கடைச்சரக்கானது இப்படித்தான். ஆனால் அந்தப் பதிப்பில்தான் எனக்கு மிகவும் பிடித்த விதியும் இருந்தது. மந்திரப் பொருளைத் தானே செய்பவர் பாதி விலையோடு, முழு விலையில் 25-இல் ஒரு பங்கைத் தன் அனுபவப் புள்ளியிலிருந்து தர வேண்டும். 2,000 காசு மந்திரத்துக்கு 1,000 காசும் 80 புள்ளியும். உழைத்துச் சேர்த்த ஆயுளில் ஒரு துண்டு அந்த வாளுக்குள் போகிறது. விலை என்றால் இதுதான் விலை.

அன்று சாயங்காலத்துக்கு வருகிறேன். வைரம் கிளெரிக் (பூசாரி) பாத்திரத்தை ஆடிய தோழியிடம் இருந்தது. அவள் தன் பாத்திரத் தாளின் ஓரத்தில் பென்சிலால் கணக்குப் போட்டாள். 10 வெள்ளிக்காசு ஒரு பொற்காசு. 300 பொற்காசுக்கு 3,000 வெள்ளி. நாளுக்கு 2 வெள்ளி வீதம் 1,500 நாள். “நாலு வருஷக் கூலி” என்றாள். யாரும் பேசவில்லை. பொருட்பட்டியலில் ‘வைரம் 1’ என்று எழுதியிருந்த இடத்தின் மேல் அவள் விரல் நின்றது.

வாள்வீரனை ஆடிய நண்பன்தான் முதலில் வாய் திறந்தான். எட்டு மாதமாக அவன் ஆடிய பாத்திரம் அது. அவன் தாளில் பொற்காசுக் கட்டம் அழித்து அழித்து எழுதியதில் நைந்து போயிருந்தது.

“அவனுக்கே போடு. நான் சண்டைக்குனு வந்தவன். அவன் கூலிக்கு வந்தவன்.”

தோழி ‘வைரம் 1’ என்பதை அழித்தாள். அவன் தன் தாளை மெதுவாகக் கவிழ்த்து வைத்தான். கூலிக்காரன் இருமிக்கொண்டே எழுந்து உட்கார்ந்தான் என்று நான் சொன்னேன். “உன் பேரு என்னப்பா?” என்று கேட்டவனும் அந்த நண்பன்தான்.

அந்த வைரத்துக்கு விலை இல்லாதிருந்தால் அந்தச் சாயங்காலமே இல்லை. இரண்டு பேரையும் எழுப்பியிருப்போம். நண்பனுக்குள் இருந்த அந்தப் பெருந்தன்மை வெளியே வர வழியே இருந்திருக்காது. கொடுப்பதால் கையில் ஏதாவது குறையும்போதுதான் கொடுப்பதற்கு அர்த்தம் வருகிறது. புதையலின் வேலை பாத்திரத்தைப் பணக்காரனாக்குவது அல்ல. எதை எதற்காக விடுவாய் என்று கேட்பதுதான் அதன் வேலை.

ஆட்டம் நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அணையாத விளக்கு ஏற்றும் மந்திரத்துக்கு 50 பொற்காசு பெறுமான மாணிக்கத்தூள் வேண்டும் என்று எழுதியிருக்கிறது. அது ஒரு கூலியாளின் 250 நாள் உழைப்பு. கேட்டு வாங்குங்கள். காசை எண்ணச் சொல்லுங்கள், எழுதச் சொல்லுங்கள், அழிக்கச் சொல்லுங்கள். கூடவே, அந்த உலகத்தில் ஒரு நாள் கூலி எவ்வளவு என்பதையும் உங்கள் ஆட்டக்காரர்களுக்குச் சொல்லிவையுங்கள்.