இரண்டு விரற்கடை உயரம்

தமிழில் 'வில்வண்டி' என்றொரு சொல் உண்டு. இன்றைய மாணவர்களிற் பலர் அதனைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். கட்டைவண்டிக்கும் வில்வண்டிக்கும் மாடு ஒன்றுதான். சக்கரமும் ஏறக்குறைய ஒன்றுதான். வேறுபாடெல்லாம் அச்சுக்கும் பெட்டிக்கும் இடையே இருக்கிறது. எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வளைத்துச் செய்த வில்லை அங்கே பொருத்தினார்கள். பாதையின் மேடுபள்ளம் பெரும்பாலும் சக்கரத்தோடு நின்றுவிட்டது. அமர்ந்திருப்பவரின் முதுகெலும்புவரை வரவில்லை. வசதியுடையோர் வாசலில்தான் அவ்வண்டி நின்றது. அதில் யார் ஏறலாம், யார் ஏறலாகாது என்று ஊர் தீர்ப்பளித்த காலமும் இருந்தது. 1893-இல் திருவிதாங்கூரில் அய்யன்காளி வில்வண்டியேறிப் பொதுச்சாலையிற் சென்றது, தம் மக்களுக்கு மறுக்கப்பட்ட சாலையைத் தமதாக்கிக் கொள்வதற்காகவே. ஆகவே ஒருவன் ஏறிச்செல்லும் வண்டியின் தோற்றத்தில் அவனுடைய தன்மதிப்பும் கலந்திருக்கிறது என்றால், அதனை நான் எள்ளி நகையாட மாட்டேன்.

இதனை முன்கூட்டியே சொல்லிவிடக் காரணம் என் அக்காள் மகன். படிப்பு முடித்து மூன்றாண்டுகள் உழைத்துச் சேர்த்த பணத்தில் பழைய மாருதி ஸ்விஃப்ட் மகிழுந்து ஒன்றை அவன் வாங்கினான். வாங்கிய நாள்முதல், சக்கரத்தின் மேல்விளிம்புக்கும் அதனைக் கவிந்திருக்கும் தகட்டு வளைவுக்கும் இடையே தெரிந்த வெற்றிடம் அவன் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. "கொக்கு மாதிரி நிக்குது மாமா" என்பான். அதனைத் தாழ்த்துவதற்கென்றே விற்கப்படும் குட்டையான சுருள்வில்கள் நான்கினை நண்பன் ஒருவன் வழியாக வரவழைத்தும் விட்டான். 40 மில்லிமீட்டர் இறக்கம். நம் பழைய கணக்கிற் சொன்னால் இரண்டு விரற்கடை.

அக்காளுக்கு இதில் உடன்பாடில்லை. "நீ சொன்னாக் கேப்பான்" என்று என்னை அனுப்பிவைத்தார். அவர் கவலைக்குக் காரணம் எங்கள் தாயார். எழுபத்தெட்டு வயது; வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததால் செயற்கை மூட்டு வைக்கப்பட்டவர். கிழமைக்கு மூன்று நாள் உடற்பயிற்சி மருத்துவத்திற்கு அவரை ஏற்றிச்செல்வது இந்த மகிழுந்துதான். பேரன்தான் சாரதி.

என்னிடம் அவன் அழகைப் பற்றிப் பேசவில்லை; அறிவியல் பேசினான். எடையின் நடுப்புள்ளி கீழே வந்தால் வண்டி திருப்பங்களில் சாயாது என்றான். அது உண்மையே, ஆயின் முழு உண்மையன்று. இத்தகைய மகிழுந்துகளின் முன்புறத்தில் இருப்பது அமெரிக்கப் பொறியாளர் ஏர்ல் மாக்ஃபெர்சன் பெயரால் வழங்கும் அமைப்பு. 1950-இல் இங்கிலாந்தின் ஃபோர்டு கான்சல், செஃபிர் வண்டிகளில் வந்து, பின்னர் உலகெங்கும் பரவியது. சுருள்வில், அதன் துள்ளலை அடக்கும் ஷாக் அப்சார்பர், திரும்பும் சக்கரத்தைத் தாங்கும் தூண் ஆகிய மூன்றையும் ஒரே காலாக்கியதுதான் அதன் திறம். அக்காலின் அடியைப் பிடித்திருக்கும் கீழ்க்கை ஒரு குறிப்பிட்ட சாய்வில் இருக்க வேண்டும். வண்டியைத் தாழ்த்தினால் அச்சாய்வு மாறுகிறது. அப்போது, வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, வண்டி இறங்கிய அளவைவிட மிகுதியாக இறங்கிவிடுகிறது. சாய்க்கும் நெம்புகோல் நீள்கிறது. அதனை ஈடுகட்டத் தாழ்த்தும் வில்லை இன்னும் விறைப்பாகச் செய்ய வேண்டியிருக்கிறது. விறைப்பின் விலையை உள்ளே அமர்ந்திருப்போர் கொடுக்கிறார்கள்.

இவ்வளவும் கேட்டுவிட்டு, "போட்டுப் பாத்துருவோமே மாமா" என்றான். இளமைக்கு வேறு விடை தெரியாது.

எங்கள் வீட்டுப் பின்தெருவில் ஒரு மெக்கானிக்கின் கொட்டகை இருக்கிறது. அம்பாசடரும் பத்மினியும் சாலையை ஆண்ட காலத்தில் தொழில் பழகியவர். முதலில் அவன் அவரிடம் கேட்டது, இருக்கும் வில்லையே ஒரு சுற்று அறுத்துத் தர முடியுமா என்பதுதான். காசும் மிச்சமாகும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். "தம்பி, அறுக்கிற ஆளு நான் இல்லே. வேற கொட்டகை பாத்துக்க" என்றார்.

அவர் மறுப்பிற் பொருளிருந்தது. வில்லின் நீட்சியும் அதன்மீது செலுத்தும் விசையும் ஒன்றுக்கொன்று நேர்விகிதத்தில் இருக்கும் என்று ராபர்ட் ஹூக் வெளியிட்டது 1678-இல். அந்த விகிதம் எவ்வளவு என்பதைக் கம்பியின் பருமனும், சுருளின் விட்டமும், சுற்றுகளின் எண்ணிக்கையும் முடிவு செய்கின்றன. சுற்று குறைந்தால் வில் விறைக்கும். அதனினும் கேடு, அறுத்த முனை தனக்குரிய தட்டில் படிந்து உட்காராது, ஓட்டத்தில் நழுவலாம். தீயால் அறுத்தாலோ எஃகின் பதமே கெடும்.

வாங்கி வந்த வில்களைப் பொருத்த ஒப்புக்கொண்டபோதும் அவர் ஒரு நிபந்தனை விதித்தார். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, செய்தவர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்துவதற்குத் தடை விதிக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதனை உறுதிப்படுத்தியது. அவ்வாண்டே வந்த சட்டத்திருத்தம், அனுமதியின்றிச் செய்யும் மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஐயாயிரம் ரூபாய் தண்டம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்றது. "பதிவுப் புத்தகத்துல உயரமே எழுதலையே" என்று மருமகன் வாதாடினான். பெரியவர் வாதத்துக்கு வரவில்லை. "என் முத்தத்துல போடுறேன், என் முத்தத்துல சோதிப்பேன். அதுல தேறுனா ஆர்டிஓ ஆபீஸ்ல கேட்டு எழுதி வாங்கு. தேறலைன்னா கேட்டைத் தாண்டாது" என்று முடித்தார். எந்தத் தேர்வாளரும் இவ்வளவு தெளிவாக விதி சொல்லி நான் கண்டதில்லை.

ஒரு ஞாயிறு காலை வேலை தொடங்கிற்று. ஜாக்கியில் தூக்கிய வண்டியை இரும்புத் தாங்கிகளின்மேல் நிறுத்தினார்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் கீழே கை நீட்டலாகாது என்பது முதற்பாடம். சக்கரம் கழன்றது, பிரேக் குழாயின் பிடி கழன்றது, காலைச் சக்கரத் தாங்கியோடு பிணைத்திருந்த இரண்டு போல்ட்டுகள் கழன்றன. மேலே, என்ஜின் அறையில் இருந்த நட்டுகளும் கழன்றதும் முழுக்காலும் குழந்தைபோல் அவர் கைக்கு வந்தது.

அடுத்து வந்ததுதான் அச்சந்தரும் கட்டம். வில் இயல்பான நீளத்தில் அங்கே இருப்பதில்லை. அமுக்கப்பட்ட நிலையிலேயே மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் இடையே சிறைப்பட்டிருக்கிறது. மேலே இருக்கும் ஒற்றை நட்டு அச்சிறையின் பூட்டு. வில்லை மேலும் அமுக்கிப் பிடிக்காமல் அந்த நட்டைத் திறந்தால், அதுவரை அடங்கிக் கிடந்த விசை முழுவதும் ஒரு நொடியில் வெளிப்படும். ஒரு கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு மில்லிமீட்டர் அமுக்க இரண்டரைக் கிலோ எடை வேண்டும் என்று கொண்டால், 150 மில்லிமீட்டர் அமுங்கிய வில்லில் தேங்கியிருக்கும் ஆற்றல், 28 கிலோ மூட்டையொன்று ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். அம்மூட்டை விழுவது காலின்மீதா முகத்தின்மீதா என்பது நாம் நிற்கும் இடத்தைப் பொறுத்தது.

இதற்கென உள்ள கருவியின் பெயர் ஸ்பிரிங் கம்பிரசர். கொக்கிகள் பூட்டிய இரண்டு நீண்ட திருகுகள். அவற்றைச் சுருளின் இருபுறமும் நேரெதிராக மாட்டி, இப்பக்கம் சில சுற்று, அப்பக்கம் சில சுற்று என்று மாறிமாறி முறுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் முந்தினால் வில் வாழைக்காய்போல் வளையும், கொக்கி நழுவும். மருமகன் காற்றுத் துப்பாக்கியால் விரைந்து முறுக்கலாமே என்றான். பெரியவர் தலையசைத்து மறுத்தார். கையால் முறுக்கினால்தான் வில் பேசுவது கைக்குக் கேட்கும் என்றார். நான் விளக்குப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நின்றேன். சுருளின் நுனிக்கு நேரே எவரையும் அவர் நிற்கவிடவில்லை. வில் தட்டிலிருந்து விலகித் தளர்ந்து ஆடிய பின்னரே நட்டில் ஸ்பேனர் வைத்தார்.

புதிய வில் குட்டையானது. அதனை அமுக்க அவ்வளவு பாடில்லை. சுருளின் முனை கீழ்த்தட்டின் படியில் முட்டி உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பார்த்தார். பின்புற வேலை எளிது. ஷாக் அப்சார்பரின் அடிப்போல்ட்டைக் கழற்றி அச்சை இறக்கினால் வில் தானே வெளியே வந்துவிடுகிறது. கீழ்க்கையின் போல்ட்டுகளை மட்டும், சக்கரங்கள் நிலத்தில் ஊன்றி வண்டியின் எடை இறங்கிய பிறகே இறுக்கினார். தொங்கும் நிலையில் இறுக்கினால் அதனுள்ளிருக்கும் ரப்பர் நாளெல்லாம் முறுக்குண்டு விரைவில் கிழிந்துபோகும். சக்கரங்களின் நேர்மை சரிபார்ப்பதும் முகப்பு விளக்கின் நோக்கைத் திருத்துவதும் சோதனைக்குப் பின் என்று ஒதுக்கினார்.

பிற்பகலில் வண்டி தரையில் நின்றது. உண்மையைச் சொல்ல வேண்டும்: அழகாகவே இருந்தது. வெற்றிடம் மறைந்து, பாய்வதற்குப் பதுங்கிய விலங்கின் தோற்றம் வந்திருந்தது. மருமகன் அதனை மூன்று முறை சுற்றிவந்தான்.

பெரியவர் முற்றத்தில் பலகைகளை அடுக்கினார். அளந்து பத்து சென்டிமீட்டர் உயரம். இந்தியச் சாலைக் கழகத்தின் விதிப்படி வேகத்தடையின் உயரமும் பத்து சென்டிமீட்டர்தான். ஆனால் அதன் அகலம் 3.7 மீட்டர். ஸ்விஃப்டின் இரு அச்சுகளுக்கு இடையே உள்ள தொலைவு 2.43 மீட்டராதலால், அத்தகைய தடையின்மீது வண்டி மெல்ல ஏறி மெல்ல இறங்கும். நம் தெருக்களில் ஊரார் தாமே கட்டிவைக்கும் தடைகள் அவ்விதியைப் படித்தவையல்ல. அவை சுவர்போற் குறுகியவை. முன்சக்கரம் தாண்டியதும் வண்டியின் வயிற்றுக்கு நேரே வந்து நிற்பவை. பெரியவர் அடுக்கியதும் அத்தகைய குறுந்தடைதான்.

இவ்வண்டியின் அடிவயிறு நிலத்திலிருந்து 170 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தது. இப்போது 130. ஓட்டுபவனோடு ஐந்துபேராக ஏறி அமர்ந்தோம். பின்புறம் மேலும் ஏறக்குறைய இரண்டு விரற்கடை இறங்கியது. நடைவேகத்தில் நகர்ந்தோம். முன்சக்கரம் ஏறி இறங்கிற்று. அடுத்து, பலகையில் இரும்பு உராயும் ஓசை எங்கள் காலடியில் நீளமாகக் கேட்டது. ஒருவரும் பேசவில்லை.

மருமகன் அப்போதும் தளரவில்லை. "நாலு பேரோட போவேன், தடையில குறுக்காப் போவேன்" என்றான். அந்நேரம் எங்கள் தாயார் கைத்தடியூன்றி, அக்காளின் தோளைப் பற்றியவாறு கொட்டகைக்கு வந்துவிட்டார். பேரன் காலைமுதல் சாப்பிட வரவில்லையே என்று பார்க்க வந்தவர். வண்டியைப் பார்த்தார். "நல்லாத்தாண்டா இருக்கு" என்றார். ஏறிப் பார்க்கிறேன் என்று தாமாகவே முன்னிருக்கையில் அமரப் போனார். செயற்கை மூட்டு வைத்தவர்கள் முழங்கால் இடுப்பைவிட உயருமாறு தாழ்ந்த இருக்கையில் அமரக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பழைய உயரத்தில் ஒரு திண்டு போட்டால் போதுமாயிருந்தது. இன்று அந்தத் திண்டின்மேல் அமர்ந்தும் முழங்கால் மேலே நின்றது. எழுவதற்குக் கதவைப் பற்றினார், முடியவில்லை. மறுமுறை முயன்றார். பேரன் குனிந்து இரு கைகளாலும் தூக்கி நிறுத்தினான். "பழகிக்கலாண்டா, ஒண்ணுமில்லே" என்றார் அவர்.

அவர்கள் வீடு திரும்பியதும் மருமகன் சட்டையின் கையை மடித்துக்கொண்டு ஜாக்கியை உருட்டிவந்தான். நானும் பெரியவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இம்முறை கம்பிரசரின் திருகுகளை அவனே முறுக்கினான். இப்பக்கம் மூன்று, அப்பக்கம் மூன்று என்று வாய்விட்டு எண்ணியபடி. பெரியவர் விளக்குப் பிடித்தார். இருட்டிய பிறகுதான் நான்காவது சக்கரம் தரையைத் தொட்டது. குட்டை வில்கள் நான்கும் பெட்டிக்குள் போயின. கோயம்புத்தூரில் உள்ள கரி பந்தயத் தடத்தில் ஓட்டும் நண்பன் ஒருவன் இருக்கிறான், அவனுக்குக் கொடுத்துவிடலாம் என்றான்.

கூலி எவ்வளவு என்று கேட்டான். பெரியவர் கைகழுவிக்கொண்டே, "மாட்டுனது ஒரு வேலை, கழட்டுனது ஒரு வேலை" என்று இரண்டு கூலி சொன்னார். அவன் பேரம் பேசாமல் எண்ணிக் கொடுத்தான்.