வெளிச்சம் தந்த முகம்

நாவல்காரர்களுக்கு ஒரு வியாதியின்மேல் தனிப் பிரியம் உண்டு. அதுதான் க்ஷயரோகம். பிரெஞ்சு எழுத்தாளர் இளைய டூமா 1848-இல் ஒரு கதாநாயகியை இருமி இருமிச் சாகவைத்தார். அவருக்குப் பிறகு எத்தனை கதாநாயகிகள்! மெலிந்த தேகம், சிவந்த கன்னம், கைக்குட்டையில் ஒரு துளி ரத்தம். சாகிறவள் கடைசி அத்தியாயத்திலும் அழகாகவே இருப்பாள். வாசகர்களும் தாராளமாகக் கண்ணீர் விடுவார்கள்.

அதே க்ஷயக் கிருமி நுரையீரலை விட்டுவிட்டு முகத்தில் வந்து குடியேறினால்? அந்த மனிதனைக் கதாநாயகனாக வைக்க எழுத்தாளர்கள் சுலபத்தில் துணிவதில்லை. அவனுக்காக அழுகிறவர்களும் குறைவு.

அந்த வியாதிக்கு ஐரோப்பாவில் 'லூபஸ் வல்காரிஸ்' என்று பெயர். லூபஸ் என்றால் லத்தீன் பாஷையில் ஓநாய். (இன்று லூபஸ் என்றால் பலருக்கு வேறொரு வியாதி ஞாபகம் வரும். உடம்பு தன்னைத்தானே தாக்கிக்கொள்ளும் வியாதி அது. இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) மூக்கிலோ கன்னத்திலோ காதிலோ சிறு தடிப்பாக ஆரம்பிக்கும். பெரும்பாலும் வலி இராது. கண்ணாடித் துண்டை வைத்து அழுத்தினால் உள்ளே பழப்பாகு நிறத்தில் சின்னச் சின்ன மணிகள் தெரியும். ஒரு பக்கம் ஆறித் தழும்பாகும். மறு பக்கம் பரவும். சிறு பிராயத்தில் வந்தது முப்பது, நாற்பது வருஷம்கூட நீடிக்கும். அதற்குள் மூக்கின் குருத்தெலும்பும் உதடும் கரைந்து போய்விடலாம்.

ஆளை அது உடனே கொல்வதில்லை. உயிரை விட்டுவைத்து முகத்தை எடுத்துக்கொள்கிறது. முகம் போனால் பள்ளிக்கூடம் போகும், வேலை போகும், கல்யாணப் பேச்சு போகும். கடைசியில் ஜன்னலும் சாத்தப்படும். நுரையீரலில் க்ஷயம் இல்லாதவரையில், பக்கத்தில் உட்காருகிறவனுக்கு இந்தப் புண்ணால் அநேகமாக ஆபத்தில்லை. ஆனால் பக்கத்தில் உட்கார யார் வருகிறார்கள்? நம் பக்கத்திலோ, முகத்தில் ஆறாத தடிப்பைக் கண்டால் ஊரார் வாயில் முதலில் வருகிற சொல் குஷ்டம் என்பதுதான். அதைச் சொன்ன பிறகு யாரும் வேறெதையும் விசாரிப்பதில்லை.

டாக்டர்கள் சும்மா இருக்கவில்லை. சுரண்டிப் பார்த்தார்கள், சூடு போட்டார்கள், திராவகம் தடவினார்கள். க்ஷயக் கிருமியை 1882-இல் கண்டுபிடித்த ராபர்ட் காக், 1890-இல் ஒரு மருந்தும் கண்டுவிட்டதாக அறிவித்தார். லூபஸ் நோயாளிகளின் முகம் ஊசி போட்டவுடன் சிவந்து வீங்கிப் பொருக்குத் தட்டியது. பார்த்தவர்கள் வியந்தார்கள். உலகமே பெர்லினுக்கு ஓடியது. ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த கானன் டாயிலும் டாக்டர் அல்லவா? அவரும் போனார். பிரசங்க மண்டபத்துக்குள் இடம் கிடைக்கவில்லை. உள்ளே போன ஒருவருடைய குறிப்புகளை வாங்கிப் படித்தார், நோயாளிகளையும் பார்த்தார், இது கிருமியைக் கொல்லாது என்று எழுதினார். அவர் சந்தேகமே சரியாயிற்று.

வழி வேறிடத்திலிருந்து வந்தது. டென்மார்க்குக்குச் சொந்தமான ஃபாரோ தீவுகளில் 1860-இல் பிறந்தவர் நீல்ஸ் ஃபின்ஸென். கோபன்ஹேகனில் வைத்தியம் படிக்கும்போதே உடம்பு கெட்டுவிட்டது. வயிறு வீங்கும், சோகை பிடிக்கும், களைப்பு விடாது. அவர் குடியிருந்த அறையோ வடக்குப் பார்த்தது, வெயில் எட்டாது. வெயிலில் நின்றால் சற்றுத் தெம்பாக இருப்பதைக் கவனித்தார். ஒரு நாள் கூரைமேல் ஒரு பூனை வெயில் காய்வதைப் பார்த்தாராம். நிழல் நகர்ந்து வர வர, பூனையும் நகர்ந்து நகர்ந்து வெயிலிலேயே படுத்தது. பூனைக்குத் தெரிந்தது நமக்கு ஏன் தெரியவில்லை என்று அவர் யோசித்தார்.

1895-ஆம் ஆண்டு கோபன்ஹேகன் மின்சார நிலையத்தின் கார்பன் விளக்கைக் கொண்டு ஒரு நோயாளிக்குச் சிகிச்சை தொடங்கினார். நோயாளி ஓர் எஞ்சினீயர். எல்லா வைத்தியமும் செய்து கைவிடப்பட்டவர். சில மாதங்களில் முகம் ஆறத் தொடங்கியது. மறு வருஷமே ஃபின்ஸென் பெயரில் ஒளிச் சிகிச்சை நிலையம் திறந்தாயிற்று. 1901-க்குள் சுமார் 800 லூபஸ் நோயாளிகள் அங்கே சிகிச்சை பெற்றார்கள். பெரும்பாலோருக்குக் குணம் கண்டது.

அந்தச் சிகிச்சை நடந்த விதம் என் மனத்தைத் தொடுகிறது. நடுவில் பெரிய விளக்கு. அதிலிருந்து நாலு பக்கமும் நாலு குழாய்கள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு நோயாளி. ஒவ்வொரு நோயாளியோடும் ஒரு நர்ஸ். உஷ்ணம் சுடாமலிருக்கத் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். தோலில் ரத்தம் இருந்தால் வெளிச்சம் உள்ளே இறங்காது. ஆகையால் நர்ஸ் ஒரு லென்ஸைப் புண்மேல் வைத்து, ரத்தம் விலகும்படி அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மணி நேரம். ஆறுவது சின்ன நாணயமளவு இடம். மறு நாள் அடுத்த இடம். இப்படி மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில்.

யோசித்துப் பாருங்கள். வீதியில் எவரும் ஏறிட்டுப் பார்க்காத முகம் அது. அதன் அருகே ஒரு பெண் தினமும் குனிந்து, கண் எடுக்காமல் பார்த்து, கையால் தொட்டுக்கொண்டு இருக்கிறாள். கிருமியைக் கொன்றது வெளிச்சம்தான். அதில் தகராறு இல்லை. ஆனாலும் மனிதன் மனிதர்களிடையே திரும்பி வந்தது அந்த ஒரு மணி நேரத்தில்தான் ஆரம்பமாகியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

டென்மார்க்கில் பிறந்து இங்கிலாந்துக்கு வாழ்க்கைப்பட்ட அலெக்ஸாண்ட்ரா, 1900-இல் இந்த விளக்கை லண்டன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். 1903-இல் ஃபின்ஸெனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. நேரில் போய் வாங்க உடம்பு இடம் தரவில்லை. சக்கர நாற்காலியில் இருந்தார். மறு வருஷம், 43-ஆம் வயதில் காலமானார். எண்ணூறு பேருக்கு முகத்தைத் திருப்பிக் கொடுத்தவருக்குத் தம் வியாதிக்கு மருந்து கிடைக்கவில்லை.

கதையில் இன்னொரு திருப்பம் உண்டு. கிருமியை நேரே கொல்லும் புற ஊதாக் கதிர்தான் குணப்படுத்துகிறது என்று ஃபின்ஸென் நினைத்திருந்தார். 2005-இல் டென்மார்க் ஆராய்ச்சியாளர்கள் பாதுகாக்கப்பட்டிருந்த அவருடைய கருவிகளைச் சோதித்தார்கள். அந்தக் கதிர்களை அவருடைய லென்ஸுகளே தடுத்துவிட்டிருந்தன! கிருமிக்குள் இருக்கும் ஒரு பொருள், உள்ளே போன மற்ற வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு, பிராணவாயுவை விஷமாக்கிக் கிருமியையே அழித்திருக்கிறது என்பது அவர்கள் முடிவு. அவர் சொன்ன காரணம் தவறு. செய்த காரியம் சரி. காரணம் முழுதும் விளங்கட்டும் என்று காத்திருந்தால், அந்த எண்ணூறு பேர் இருட்டிலேயே இருந்திருப்பார்கள்.

இன்று அந்த விளக்கு வேண்டியதில்லை. நுரையீரல் க்ஷயத்துக்குக் கொடுக்கிற அதே மாத்திரைகளே இதற்கும் மருந்து. சாதாரணமாக ஆறு மாதம். நம் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் காசு கேட்பதில்லை. முளையிலேயே பிடித்தால் தழும்பும் கொஞ்சம்தான்.

ஆனால் மாத்திரை வாங்க வேண்டுமானால் நோயாளி ஆஸ்பத்திரிக்கு வந்தாக வேண்டும். வரவேண்டுமானால் மூடிய முகத்தைத் திறந்துகொண்டு வாசற்படி இறங்க வேண்டும். எதிரே வருகிற நாம் அந்த முகத்தைப் பார்த்து ஒதுங்காமல் நடந்தால், அவனுக்கு ஆஸ்பத்திரி வாசல் பாதி தூரமாகிவிடும்.