கோல்டு மெம்பர்!

2019-ல் லாஸ் வேகாஸ் ஓட்டலில் பாதி விலைக்கு ரூம் பிடித்திருந்தான் என் மகன். "நான் கோல்டு மெம்பர்ப்பா! காலை டிபன் ஃப்ரீ!"

கவுன்டர் பெண் சிரித்துக்கொண்டே கவிழ்த்தாள். தள்ளுபடி வெப்சைட்டில் எடுத்த ரூமுக்கு டிபன் கிடையாது, பாயின்ட்டும் சேராது. போதாக்குறைக்கு, 'ரிசார்ட் ஃபீஸ்' தினம் 40 டாலர்! எதற்காம்? நீச்சல் குளம், ஜிம், லோக்கல் போன். எனக்கு நீச்சல் தெரியாது. லோக்கலில் யாரையும் தெரியாது.

பையன் முகம் சுண்டிவிட்டது.

மறுநாள் குளத்தங்கரையில் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தாள் என் மனைவி. "விடுடா, 40 டாலருக்குக் காலையாவது நனைச்சுக்கறேன்" என்றேன். சிரித்துவிட்டான்.

2025 மே முதல் அந்தக் கட்டணத்தையும் சேர்த்தே விலை சொல்லணும் என்று அமெரிக்காவில் விதி. 'ஒழி' என்று சொல்லவில்லை, 'ஒளிக்காதே' என்கிறது. போகட்டும், அப்பா எதிரில் எந்தப் பிள்ளைக்கும் முகம் சுண்டாமல் இருந்தால் சரி!