பெருவழியும் கிளைவழியும்

செஸ் ஓப்பனிங்கில் புதுமை என்றால் அதுவரை பதிவான எந்த ஆட்டத்திலும் வராத நகர்த்தல். கிளைவழி வேறு. அது முன்பே ஆடப்பட்டது, ஆனால் பெருவழியை விடச் சற்றுக் குறைந்தது என்று தியரிப் புத்தகங்கள் ஓரிரு வரியில் ஒதுக்கிவிட்டது. தயாரிப்பில் உட்காரும் ஆட்டக்காரருக்கு இரண்டும் ஒரே காரியத்துக்குத்தான்: எதிராளியின் மனப்பாடம் தீரும் இடத்தை முன்னுக்கு இழுப்பது. அந்த நகர்த்தல் எவ்வளவு நல்லது என்பது அடுத்த கேள்வி.

நியூயார்க்கில் 1995இல் நடந்த உலகப் பட்டப் போட்டியில் ஆனந்த் ஒன்பதாவது ஆட்டத்தில் வென்று காஸ்பரோவை முந்தினார். பத்தாவதில் கறுப்புக் காய்களுடன், ஆறாவது ஆட்டத்தில் டிரா தந்த ரூய் லோப்பஸின் அதே திறந்த வகைக்குள் மறுபடி இறங்கினார். காஸ்பரோவ் 14ஆவது நகர்த்தலில் பிஷப்பைப் பின்னுக்கு எடுத்தார். அடுத்ததில் குதிரையை நகர்த்தி, யானையையே பலி கொடுக்கும் தாக்குதலைத் தொடங்கினார். யானையை எடுத்த ஆனந்தின் ராணி மூலையில் கிடக்க, அவருடைய ராஜா நடுப்பலகையில் தனியே மாட்டிக்கொண்டது. இந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுபவர்கள் பலியின் அழகோடு நின்றுவிடுகிறார்கள். தயாரிப்பவர் கவனிக்க வேண்டியது அதற்கு முந்தைய படி: எதிராளி அதே வழியில் வருவார் என்று தெரிந்ததால்தான் அத்தனை ஆழத்தில் உழைக்க முடிந்தது. 11ஆவது ஆட்டத்தில் காஸ்பரோவ் சிசிலியன் டிராகனை ஆடி வென்றார். டிராகன் உலகறிந்த பழைய வழி. அவர் கையிலிருந்து அது வரும் என்பதுதான் அங்கே புதுசு.

ஒரு புதுமைக்குப் பொதுவாக ஒரே ஆட்டம்தான் ஆயுள். பான் நகரில் 2008இல் நடந்த உலகப் பட்டப் போட்டியில் ஆனந்த் இதற்கு விதிவிலக்குக் காட்டினார். கிராம்னிக்குக்கு எதிராக மூன்றாவது ஆட்டத்தில், செமி-ஸ்லாவின் மெரான் வகையில், 14ஆவது நகர்த்தலில் பிஷப்பை நீண்ட மூலைவிட்டத்தில் வைத்தார். ஒரு சிப்பாய் போகும். பதிலுக்கு வெள்ளை ராஜாவை நோக்கி ஜி வரிசை திறந்து கிடக்கும். கறுப்பு வென்றது. ஐந்தாவது ஆட்டத்தில் கிராம்னிக் அதே நிலைக்குத் திரும்பி வந்தார். ஆனந்த் 15ஆவது நகர்த்தலில் பிஷப்புக்குப் பதில் யானையை ஜி வரிசைக்குக் கொண்டுவந்து, மறுபடி வென்றார். முதல் புதுமைக்குள் இரண்டாவது ஒன்றும் இருந்தது.

கிளைவழி பெருவழியாவதும் உண்டு. ரூய் லோப்பஸின் பெர்லின் தற்காப்பு பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சரக்கு. ராணிகள் சீக்கிரமே மாறி, கறுப்பு ராஜா கோட்டை கட்டும் உரிமையையும் இழக்கிறது என்பதால் அதை ஒதுக்கி வைத்திருந்தார்கள். லண்டனில் 2000இல் நடந்த உலகப் பட்டப் போட்டியில் கிராம்னிக் அதை எடுத்தார். காஸ்பரோவால் ஒரு ஆட்டத்தைக்கூட வெல்ல முடியாமல் பட்டம் கைமாறியது. பிறகு பெர்லினே நெடுஞ்சாலையாகிவிட, வெள்ளைக் காய்களுடன் ஆடுபவர்கள் டி சிப்பாயை ஒரே கட்டம் தள்ளும் அடக்கமான கிளைக்கு ஒதுங்கினார்கள்.

எஞ்சின்கள் வலுத்த பிறகு தேடலின் திசையே மாறியது. முன்பு தேடியது சிறந்த நகர்த்தலை. அது இன்று எல்லோர் கணினியிலும் முதல் வரியில் நிற்கிறது. இப்போது தேடுவது மூன்றாவது, நான்காவது வரியை: மதிப்பீடு சமநிலை என்று காட்டும், ஆனால் எதிரில் இருப்பவர் துல்லியமாக ஆடினால் மட்டுமே சமநிலை. கிருன்ஃபெல்டுக்கு எதிராக மூன்றாவது நகர்த்தலிலேயே எச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவது முன்பு கேலிக்குரியதாக இருந்திருக்கும். இப்போது கிராண்ட்மாஸ்டர்கள் தயங்காமல் ஆடுகிறார்கள்.

ஆபத்து இல்லாமல் இல்லை. அஸ்தானாவில் 2023இல் நடந்த உலகப் பட்டப் போட்டியின் இரண்டாவது ஆட்டத்தில், டிங் லிரென் ராணிப்பக்கச் சிப்பாய் ஓப்பனிங்கில் நான்காவது நகர்த்தலாக எச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினார். நெபோம்னியாச்சி திடுக்கிடவில்லை, 29 நகர்த்தலில் டிங் தோற்றார். மெதுவான நகர்த்தலால் எதிராளிக்குக் கிடைத்த ஒரு கூடுதல் நகர்த்தலை எப்படி ஈடுகட்டுவது என்பது வரை யோசிக்காவிட்டால் அதிர்ச்சி வைத்தியம் பலிக்காது. சிங்கப்பூரில் 2024இல் நடந்த பட்டப் போட்டியில் நிலைமை தலைகீழ். 11ஆவது ஆட்டத்தில் குகேஷ் ரேட்டி ஓப்பனிங்கில் மூன்றாவது நகர்த்தலிலேயே பி சிப்பாயை இரண்டு கட்டம் தள்ள, டிங் நான்காவது நகர்த்தலுக்கே அரை மணி நேரத்துக்கு மேல் யோசித்தார். குகேஷும் பின்னால் நிறைய நேரம் செலவிட்டார். எனினும் முடிவில் கடிகாரம் நெருக்கியது டிங்கை. 28ஆவது நகர்த்தலில் பெரும் தவறு வந்தது.

கிளப் அளவில் ஆடுபவருக்கு 14ஆவது நகர்த்தல் வெடிகுண்டு பெரும்பாலும் வீண். எதிராளி அங்கே வரை வருவதே இல்லை. சிசிலியனுக்கு எதிராக ரொசோலிமோ, அலாப்பின், வெள்ளைக்கு லண்டன் சிஸ்டம் ஆகியவை நல்ல கூலி தரும். லண்டனை ஆடுபவர் சோம்பேறி என்ற பேச்சு பாதிதான் உண்மை. டிங் அதை 2023 பட்டப் போட்டியின் ஆறாவது ஆட்டத்திலேயே ஆடி வென்றார். ஆனால் நகர்த்தல்களை மட்டும் உருப்போட்டால் போதாது. எந்தச் சிப்பாய் அமைப்பு உருவாகும், எந்தக் காயை மாற்றிக்கொள்வது லாபம், எதிராளி வரிசையை மாற்றி ஆடிப் பெருவழிக்குள் இழுத்துவிட்டால் அங்கே என்ன செய்வது என்ற மூன்றையும் கோப்பில் எழுதி வைத்த பிறகே அந்தக் கிளைவழி போட்டிக்குத் தயார்.